கேட்டைத் தாண்ட ஒரு க்ரீம்

என் அக்காவின் வலது கையில் இப்போது மூன்று விரல்கள்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துக்கொண்டு போய் உங்களைத் திடுக்கிட வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. அந்த இரண்டு விரல்கள் போனதில் என் பங்கு என்ன என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராயபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவள் நான். படிப்பு பன்னிரண்டாம் வகுப்பு. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பார்மசிஸ்ட் சான்றிதழ் தொங்குகிறது. அது வேறொருவருடையது. அவர் எப்போதாவது வந்து டீ குடித்துவிட்டு, முதலாளியிடம் நாட்டு நடப்பு பேசிவிட்டுப் போவார். மற்ற நேரமெல்லாம் கடையில் டாக்டரும் நான்தான், கம்பவுண்டரும் நான்தான். தெருவில் எனக்கு 'மெடிக்கல் அக்கா' என்று பெயர். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பஸ்ஸில் யாராவது இருமினால்கூட என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிற அளவுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

அக்கா திருவொற்றியூரில் இருக்கிறாள். ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த மாமாவுக்கு முதுகெலும்பில் அடிபட்ட பிறகு வீடு அவள் கையில்தான் ஓடியது. கையில் என்று நான் சொல்வது பேச்சுக்காக இல்லை. அவள் இறால் உரிப்பவள். எண்ணூர் போகிற சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் பின்னால், ஏற்றுமதிக்கு இறால் அனுப்புகிற ஒரு கம்பெனி. தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, முதுகு நரம்பை உருவிப் போட வேண்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து செய்கிற வேலை. அக்கா செய்யும்போது கண்ணால் தொடர முடியாது. எடைக்குத்தான் கூலி என்பதால் அந்த வேகம்தான் அவள் சொத்து.

நாள் முழுக்க ஐஸ் தண்ணீர். காலில் ரப்பர் பூட்ஸ், இடுப்பில் ரப்பர் ஏப்ரன், கையில் முழங்கைவரை உறை. இந்த உறைகள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரு ஷிப்ட் கழற்றிப் போட்டதை அடுத்த ஷிப்ட் உள்ளே ஈரம் காயாமலே மாட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கு இதைவிட நல்ல வீடு அமையாது என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

கம்பெனியின் கேட்டில் தினமும் கை பார்ப்பார்கள். சூப்பர்வைசரம்மா ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். பெண்கள் வரிசையில் வந்து கையை முழங்கைவரை நீட்டி, திருப்பிக் காட்ட வேண்டும். புண், கொப்புளம், சிவப்பு, செதில் எது இருந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை, வீட்டுக்குப் போகலாம். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு, சுத்தம் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் அந்தக் கைக்கு அந்தப் புண் எங்கிருந்து வந்தது என்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து யாரும் கேட்டதில்லை. அடுத்தடுத்து மூன்று நாள் திருப்பி அனுப்பப்பட்டவளின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் அக்கா கடைக்கு வந்து, கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, பிறகு புடவைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வட்டம், ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்து. பார்த்தவுடன் படர்தாமரை என்று சொல்லிவிட்டேன். இடுப்பிலும் இருக்கிறது, நமைச்சல் தாங்கவில்லை, ஆனால் இடுப்பு போகட்டும், நாளைக்குக் கேட்டில் மணிக்கட்டைப் பார்த்தால் விரட்டிவிடுவாள் என்றாள்.

இரண்டு வழி இருந்தது. டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கலாம். அவர் பூஞ்சைக்கான மருந்தை வாரக்கணக்கில் போடச் சொல்வார், கையை ஈரத்தில் வைக்காதே என்பார். ஈரத்தில் வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இல்லை. இன்னொன்று, கண்ணாடிப் பெட்டிக்குள் முன்வரிசையிலேயே இருந்த ஒரு ட்யூப். நாலைந்து மருந்து கலந்த க்ரீம். எங்கள் கடையில் அதுதான் அதிகம் ஓடுவது. போட்ட மறுநாளே சிவப்பு அடங்கும், இரண்டாம் நாள் நமைச்சல் இருக்காது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டு, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று எழுதியிருக்கும். எழுதியிருந்ததை நான் படித்திருக்கிறேன். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்பதும், அதை நாள்கணக்கில் போடக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். மருந்து கம்பெனி ஆள் ஒருவர் ஒருமுறை போகிறபோக்கில் சொல்லியிருக்கிறார். தெரிந்துதான் எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் கேட்டில் அவள் கை தேறியது. சாயங்காலம் எனக்கு வாழைப்பூ வடை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பத்து நாளில் வட்டம் திரும்ப வந்தது, கொஞ்சம் மேலே, கொஞ்சம் பெரிதாக. திரும்ப க்ரீம். போனது. வந்தது. இப்படியே ஒன்றரை வருஷம். அவள் மூலமாக ஷிப்டில் இருந்த மற்றப் பெண்களும் என்னிடம் வர ஆரம்பித்தார்கள். அவர்கள் அதற்கு 'கேட் க்ரீம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் விரலைக் காட்டி 'கேட் க்ரீம் ஒண்ணு' என்பார்கள், நான் எடுத்து நீட்டுவேன். ஒரே ட்யூபை இரண்டு மூன்று பேர் பகிர்ந்துகொள்வதும் உண்டு. கேட்டுக்குப் போகிற கைக்கு மட்டும் போட்டுவிட்டு, புடவைக்குள் மறைகிற இடங்களை அப்படியே விட்டுவிடுவார்கள். அக்காவுக்கு முதுகுவரை படர்ந்திருந்தது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம், இப்போது அடித்து என்ன பிரயோசனம்.

ஒருநாள் அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, பச்சை நரம்பெல்லாம் வெளியே தெரிந்தது. பிரசவமான வயிற்றில் விழுமே, அந்த மாதிரி கோடுகள் முழங்கை மடிப்பில். வயசாகுதில்ல, அதான், என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கு அப்போது நாற்பத்திமூன்று.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் அவள் தண்ணீர் தண்ணீராகக் குடித்துக்கொண்டிருந்தாள். உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. பூஞ்சை விடாமல் திரும்பித் திரும்பி வந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். எங்கள் கவுன்ட்டரில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கூட விரலில் குத்திப் பார்த்திருக்கிறேன். என் அக்கா அந்த மெஷினுக்கு ஒரு முழம் தள்ளி நின்று எத்தனையோ முறை என்னோடு பேசியிருக்கிறாள். ஒருமுறைகூட அவள் விரலைப் பிடித்து இழுக்க எனக்குத் தோன்றவில்லை.

போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை, கடையில் நல்ல கூட்டம். அக்கா போன் செய்தாள். பெரிய இறாலின் தலைக் கொம்பு உறையைக் கிழித்துக்கொண்டு புறங்கையில் குத்திவிட்டது.

"கை பொங்கிகினு வருதுடி. செக்கச்செவேல்னு கீது. நாளிக்கு கேட்ல இன்னா பண்றது?"

என் எதிரே நான்கு பேர் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றார்கள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அந்த க்ரீமையே நல்லா தடவிக்கக்கா. காத்தால செவப்பு எறங்கிடும்."

இதுதான் நான் சொன்னது. ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அவள் தடவிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சிவப்பு மங்கலாகத்தான் இருந்திருக்கிறது. கேட்டில் விட்டுவிட்டார்கள். அன்று முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்றாள், கை மரத்துப்போனதால் வலி தெரியவில்லை. புதன்கிழமையும் போனாள். வியாழன் காலை மாமா போன் செய்து, கை யானைக்கால் மாதிரி ஆகிவிட்டது, உளறுகிறாள், விரலில் கறுப்பாகக் கொப்புளம் இருக்கிறது என்றார். ஆட்டோ பிடித்து நானே அவளை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எண்ணூர் சாலையில் லாரிகள் நகரவே இல்லை. அவள் என் தோளில் சாய்ந்தபடி, லீவு சொல்லல, லீவு சொல்லல என்று முனகிக்கொண்டே வந்தாள்.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் சொல்கிற பதிலா அது. அவர்கள் மெஷினில் எண்ணே வரவில்லை, அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. அன்று மத்தியானமே அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். முதலில் ஒரு விரல் என்றார்கள். இரண்டு நாள் கழித்து இன்னொன்று என்றார்கள். சம்மதக் கையெழுத்தை இரண்டு முறையும் நான்தான் போட்டேன், மாமாவால் அவ்வளவு தூரம் வந்து உட்கார முடியவில்லை.

வார்டில் ஒரு நாள் தோல் டாக்டர் வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். அக்காவின் முதுகைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த கோடுகளைத் தடவிப் பார்த்துவிட்டு, என்ன க்ரீம் போட்டீர்கள் என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். யார் எழுதிக் கொடுத்தது என்றார். யாரும் எழுதவில்லை, கடையில் வாங்கியது என்றேன். எந்தக் கடை என்றார்.

தெரியவில்லை என்று சொன்னேன்.

அக்கா மருந்து மயக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அந்த டாக்டர் பெண் என்னை ஒரு சாதாரண சொந்தக்காரி என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். தோல் சிவப்பதும் நமைப்பதும் உடம்பு எதிர்த்து நிற்பதற்கு அடையாளம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பை அமுக்கிவிடும். பார்க்கிறவர்களுக்குக் குணமான மாதிரி தெரியும், பூஞ்சை பாட்டுக்கு அடியில் பரவிக்கொண்டே போகும். மாதக்கணக்கில் போட்டால் தோலே மெலிந்துவிடும், சின்ன முள் குத்தினாலும் கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். சர்க்கரையும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். முள் குத்திச் சிவந்த இடத்தில் அதைத் தடவியது பெரிய தப்பு என்றார்.

எப்படிப் போட வேண்டும் என்பதையும் சொன்னார். எதுவும் கலக்காத வெறும் பூஞ்சை மருந்து. வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல் அகலம் வெளியேயும் சேர்த்துப் பூச வேண்டும். தடம் மறைந்துவிட்டது என்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொன்ன நாள்வரை போட வேண்டும். வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் அவர்களுக்கும் அதே சமயத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். துண்டு தனி, உள்ளாடை வெயிலில் காய வேண்டும். பரவலாக இருந்தால் மாத்திரை தேவைப்படும், ஆனால் ஈரல் எப்படி இருக்கிறது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள், கர்ப்பமா என்றெல்லாம் கேட்காமல் யாரும் அதைத் தரக் கூடாது என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் எனக்கு உடம்பு கூசியது. மர்ம இடத்தில் நமைச்சல், வெள்ளைப்படுகிறது என்று தயங்கித் தயங்கி வந்து நிற்கிற பெண்களுக்கு நான் அந்த மாத்திரையை அட்டையோடு துண்டாக வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கப்பட்டுப் புருஷனை அனுப்பியவர்களும் உண்டு. நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. அவர்களுடைய வெட்கத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களில் யாருக்கு என்ன ஆனது என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

அக்கா பிழைத்தாள். வீட்டுக்கு வந்த பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொன்னாள். என் தங்கச்சி இல்லையென்றால் நான் அன்றைக்கே போயிருப்பேன், அவள்தான் ஆட்டோ வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள், கூடவே கிடந்தாள். சர்ச்சில் இருந்து வந்த பெண்கள் என் தலையில் கை வைத்து ஜெபித்தார்கள். அக்கா மூன்று விரலால் சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கம்பெனியில் இருந்து யாரும் வரவில்லை. அவள் இடத்துக்கு அந்த வாரமே ஆள் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

கடையில் நான் கேட் க்ரீமை எடுத்துக் கொடுப்பதை நிறுத்தினேன். முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இறால் கம்பெனிப் பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நான்கு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டார்கள். சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் போங்கள் என்று நான் சொன்னால், போனா வேலை யாரு குடுப்பா, நீ குடுப்பியா என்று ஒருத்தி கேட்டாள். பழைய திமிர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அக்காவிடம் சொன்னது நான்கு மாதம் கழித்து. அவள் இடது கையால் வெங்காயம் நறுக்கப் பழகிக்கொண்டிருந்தாள். மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போல அவள், அந்த க்ரீம் நல்ல மருந்துதான், நான்தான் ஒழுங்காகப் போடவில்லை, அவசரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தடவினேன் என்றாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழியையும் அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னேன். அட்டையில் என்ன எழுதியிருந்தது, அதில் என்ன கலந்திருந்தது, எனக்கு என்ன தெரியும், ஆஸ்பத்திரியில் டாக்டர் எந்தக் கடை என்று கேட்டபோது நான் என்ன சொன்னேன், எல்லாவற்றையும். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சேதான் குட்த்தியா?"

ஆமாம் என்றேன். உன் வேலை போய்விடக் கூடாது என்றுதான் என்று அடுத்த வார்த்தை வாய்வரை வந்தது. அது பொய்யில்லை. ஆனால் அவள் கையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

அவள் திட்டவில்லை. அழவுமில்லை. கத்தியை எடுத்து மறுபடி வெங்காயத்தை நறுக்க ஆரம்பித்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். சாப்பிட்டேன். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போவேன். பேசுவாள், சிரிப்பாள், எனக்குப் பிடிக்கும் என்று கருவாட்டுக் குழம்பு எடுத்து வைத்திருப்பாள். யாரிடமும் அவள் இந்த விஷயத்தைச் சொல்லவில்லை. மாமாவிடம்கூட.

முதுகில் இருக்கிற பூஞ்சை இன்னும் முழுதாகப் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து தீரும்போதெல்லாம் நான்தான் வாங்கிக்கொண்டு போவேன். போன மாதம் அப்படித்தான் புது ட்யூபையும் சீட்டையும் அவளிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாடியிலிருந்து இறங்கிக் கீழ்ப்படி வரைக்கும் வந்த பிறகு குடை ஞாபகம் வந்து திரும்ப ஏறினேன்.

அக்கா அதே மாடியில் எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வீட்டுப் பெண் நர்ஸ். நான் கொடுத்த ட்யூபை அந்தப் பெண் கையில் கொடுத்து, சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுல வேற எதுனா கலந்துகீதா, நல்லா பாத்து சொல்லு."

நர்ஸ் வெளிச்சத்தில் திருப்பிப் படித்துவிட்டு, இல்லக்கா, இது வெறும் மருந்துதான் என்றாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டு ட்யூபை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். திரும்பும்போது என்னைப் பார்த்தாள். ஒளிக்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை.

அவள் செய்தது சரி. யார் கொடுத்த மருந்தானாலும் அப்படித்தான் கேட்க வேண்டும். முதல் ட்யூபை வாங்கிய அன்றைக்கே அவள் அதைக் கேட்டிருக்கலாம். கொடுத்தது நான் என்பதால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டாள்.